மீசை வைத்த சக்களத்தி

என் சக்களத்திக்கு மீசை உண்டு. எங்கள் மொழிக்காரர்தான், ஆனால் வேறொரு நாட்டில் பேராசிரியர் வேலை. அங்கே மனைவி, மகள்கள், பேரப்பிள்ளை எல்லாம் இருக்கிறார்கள். என் கணவரை அந்த மனிதர் நேரில் பார்த்தது மாநாடுகளில் ஒன்றிரண்டு முறைதான். ஆனாலும் எங்கள் கல்யாண வாழ்க்கையின் ஞாயிற்றுக்கிழமைகளில் பாதியை அவர்தான் விழுங்கினார். அதனால்தான் அந்தப் பெயர். வைத்தது நான்தான்.

என் கணவர் நிலம் இறங்குவதை அளக்கிறவர். பூமிக்கடியிலிருந்து தண்ணீரை உறிஞ்ச உறிஞ்ச மேலே இருக்கும் மண் அமுங்கும். ஊர் மெல்ல மெல்லக் கீழே போகும். எங்கே எவ்வளவு போகிறது என்று இவர் அளந்து எழுதுவார். எழுதியது வெளியான கையோடு சக்களத்தியிடமிருந்து மறுப்பு வந்து இறங்கும். வேறு யாராவது என்றால் கடுப்பாவார்கள். இவருக்கோ முகம் புது மாப்பிள்ளை முகமாகிவிடும். "படுபாவி, என்ன எழுதியிருக்கான் பாரேன்!" என்று சமையலறை வரைக்கும் தூக்கிக்கொண்டு வருவார். நான் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவள். நாள் முழுக்க பிரேக் எது, ஆக்சிலரேட்டர் எது என்று தெரியாதவர்களோடு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டு வந்தால், வீட்டிலும் இந்தக் கூத்து.

இருவருக்கும் சண்டை ஒரு கல்லைப் பற்றி. எது இறங்குகிறது என்று அளக்க வேண்டுமானால், அசையாத ஓர் இடம் வேண்டுமாம். எங்கள் ஊரின் மேட்டுப் பகுதியில் பழைய தண்ணீர்த் தொட்டி அலுவலகம் இருக்கிறது. அதன் சுவரில் பதித்த ஒரு கல்லைத்தான் இவர் அசையாத கல் என்று வைத்துக்கொண்டு மற்ற இடங்களை அளந்தார். சக்களத்தியின் கட்சி வேறு. "அந்தக் கல் மெல்ல மேலே எழும்புகிறது. அதனால்தான் உன் கணக்கில் மற்ற இடமெல்லாம் அதிகமாக இறங்குவதாகத் தெரிகிறது" என்பார். இதையே வருடக்கணக்கில் விதவிதமாக எழுதினார். இவரும் விதவிதமாக மறுத்தார்.

கடலோரத்தில் அரசாங்கம் புது நகர் கட்டி விற்கத் தொடங்கியபோது இவர் அங்கேயும் போய் அளந்தார். வருடத்துக்கு நாலு விரல் அளவு இறங்குகிறது என்று எழுதினார். அது பத்திரிகையில் வந்தது. வீடு வாங்கக் காசு கட்டியவர்கள் அலுவலகங்களுக்கு முன்னால் திரண்டார்கள். என் தம்பி அப்போதே அங்கே வீடு வாங்கிக் குடி போயிருந்தான். "மாமா வாயைத் தெறந்தாலே என் வீட்டு விலை இறங்குது" என்று என்னிடம் வந்து குதித்தான்.

ஒரு மதிய நேரம், இவர் புது நகரில் அளந்துகொண்டிருக்கும்போது போலீஸ் வந்தது. "ஒரு நிமிஷம், இந்த அளவை மட்டும் முடிச்சிடறேன்" என்றவர், வந்த போலீஸ்காரரிடமே அளவுகோலின் மறுமுனையைப் பிடிக்கச் சொன்னாராம். அவரும் மரியாதையாகப் பிடித்தாராம். முடித்ததும் விலங்கு போட்டுக் கூட்டிப் போனார்கள்.

மக்களிடையே பீதியைக் கிளப்ப வேண்டுமென்றே பொய்த் தகவலைப் பரப்பினார் என்று வழக்கு. நிரூபணமானால் முடி முழுக்க நரைத்த பிறகுதான் வெளியே வருவார் என்று எங்கள் வக்கீலம்மா சுற்றி வளைக்காமல் சொன்னார். அரசாங்கத் தரப்பின் முக்கியமான ஆதாரம் எது என்று கேட்டேன். அவர் ஒரு தாள்கட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். சக்களத்தியின் மறுப்புக் கட்டுரை. உலகமே மதிக்கிற ஒரு விஞ்ஞானி, இவருடைய அளவு தவறு என்று அச்சில் எழுதியிருக்கிறார். இதைவிட வேறென்ன வேண்டும்?

அன்றைக்கே சக்களத்தி போன் செய்தார். நான் அதுவரை அந்தக் குரலைக் கேட்டதில்லை.

"மேடம், நான் உங்க வீட்டுக்காரரோட..."

"தெரியும்" என்றேன். "உங்களாலதான் அவர் உள்ள இருக்காரு. இப்ப சந்தோஷமா? அவர் அளந்தா உங்களுக்கு ஏன் வலிக்குது? உலகத்துல வேற கல்லே கிடைக்கலையா உங்களுக்கு?" இன்னும் என்னென்னவோ கத்தினேன். கிளட்ச்சை விடச் சொன்னால் ஸ்டியரிங்கை விடுகிறவர்களிடம்கூட நான் அப்படிக் கத்தியதில்லை.

நான் மூச்சு வாங்கியபோதுதான் கேட்டார். "அவனுக்கு பிரஷர் மாத்திரை போகுதா?"

போகவில்லை. சிறையில் வாங்கி வைத்துக்கொண்டு கொடுக்காமல் இருந்தார்கள். இவருக்கு பிரஷர் இருப்பது அந்த மனிதருக்கு எப்படித் தெரியும் என்று அப்போது நான் யோசிக்கவில்லை. சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டேன்.

அடுத்த வாரம் சிறைக் கண்காணிப்பாளர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். அவர் மேஜையில் தபால்கள் குவிந்து கிடந்தன. வரைபடத்தில் நான் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டிய ஊர்களிலிருந்தெல்லாம் வந்திருந்தன. நட்சத்திரம் பார்க்கிறவர், பறவைகளை எண்ணுகிறவர், எலும்பு நோய்க்கு மருந்து தேடுகிறவர் என்று என் கணவரின் முகத்தைக்கூடப் பார்த்திராதவர்கள், மாத்திரை கொடுங்கள் என்று மரியாதையாகவும் விடாமலும் எழுதியிருந்தார்கள். "போதும்மா. குடுத்தாச்சுன்னு அவங்ககிட்ட சொல்லிடுங்க. நேத்து ஒருத்தர் என் வீட்டு போனுக்கே பேசிட்டாரு" என்றார் கண்காணிப்பாளர்.

சிறையில் இருக்கும் விஞ்ஞானிகளுக்காகப் பேசுகிற ஒரு சங்கமாம் அது. பல நாட்டுக்காரர்கள். யாருக்கும் சம்பளம் கிடையாது. தங்கள் வேலை முடிந்த பிறகு உட்கார்ந்து, எந்த நாட்டில் யார் எதைக் கண்டுபிடித்ததற்காக அடைக்கப்பட்டிருக்கிறார் என்று விசாரித்து, மந்திரிக்கும் நீதிபதிக்கும் சிறைக்கும் எழுதிக்கொண்டே இருப்பார்களாம். மந்திரி மாறினால் புது மந்திரிக்கு மறுபடியும் முதலிலிருந்து எழுதுவார்களாம். அந்தக் கூட்டத்தை என் கணவருக்காகக் கிளப்பிவிட்டவர் என் சக்களத்திதான். கைதான மறுநாளே தொடங்கியிருக்கிறார். அந்தக் கடிதங்களைப் படித்துவிட்டு நான் காரில் உட்கார்ந்து அழுதேன். பயிற்சிக்கு வந்த பெண் பயந்துபோய்த் தானே வண்டியை ஓரம் கட்டினாள். அதுதான் அவள் சரியாக ஓரம் கட்டிய முதல் தடவை.

ஆனால் சக்களத்தி எழுதியதைப் படித்தபோது கண்ணீர் அப்படியே காய்ந்துவிட்டது. ஒவ்வொரு கடிதமும் ஒரே மாதிரி தொடங்கியது. "இவருடைய அளவை நான் ஏற்கவில்லை. இவரை உடனே விடுதலை செய்யுங்கள்." முதல் வரியை விட்டுத்தொலைத்தால் என்ன?

தம்பிதான் ஒரு சமரசத்தைக் கொண்டுவந்தான். புது நகர் அலுவலகத்தில் அவனுக்குத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். ஒரே பக்கத்தில் ஒரு வாக்குமூலம். நான் எழுதியது தவறு, தெரிந்தே பொய்யைப் பரப்பினேன், நாட்டிடம் மன்னிப்புக் கேட்கிறேன் என்று இவர் கையெழுத்துப் போட்டால் வழக்கைக் கைவிட்டுவிடுவார்கள்.

"அக்கா, ஒரு கையெழுத்துதானே? மாமா வீட்டுக்கு வந்தாப் போதும். யாரு ஞாபகம் வச்சிக்கப் போறா?" என்றான். அவன் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. மாமாவோடு எவ்வளவு சண்டை போட்டாலும் அவனுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் அவர்.

எனக்கும் அதே எண்ணம்தான். பொய்யோ மெய்யோ, என் மனிதர் எனக்கு வேண்டும். சிறைப் பார்வையாளர் அறையில், இடையில் ஒரு மேஜை, பக்கத்தில் ஒரு காவலர். தாளை நீட்டினேன். இவர் கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுக்கொண்டு படித்தார். படித்துவிட்டுக் காவலரிடம், "தம்பி, ஒரு பென்சில் கிடைக்குமா?" என்றார்.

கையெழுத்துப் போடத்தான் போகிறார் என்று நினைத்தேன். மனிதர் திருத்தத் தொடங்கினார்! தன்னிடம் வருகிற மாணவர்களின் கட்டுரையைத் திருத்துகிற மாதிரி, ஓரத்தில் குறிப்பு எழுதி, வரியை அடித்து, அம்புக்குறி போட்டு.

"என்னங்க பண்றீங்க?"

"‘தெரிந்தே’ன்னு போட்டிருக்கான். அது பொய். ‘பீதியைக் கிளப்ப’... அதுவும் பொய். ஆனா ‘அளவில் பிழை இருக்கிறது’ன்னு ஒரு வரி இருக்கு பாரு, அது உண்மை. அதை விட்டுடலாம்."

"என்னது?"

"அந்தப் படுபாவி சொன்னது சரிதான். கல்லு அசையுது." முகத்தில் அதே புது மாப்பிள்ளைக் களை. "இங்க வேற வேலை இல்லையா, யோசிச்சிட்டே இருந்தேன். தொட்டி ஆபீஸ் வாசல் ஞாபகம் இருக்கா உனக்கு? மழை பெஞ்சா முன்னாடியெல்லாம் வாசல்லேர்ந்து தண்ணி ரோட்டுக்கு ஓடும். போன மழைக்கு நான் அங்க ஒதுங்கி நின்னேன். ரோட்டுலேர்ந்து தண்ணி உள்ள வந்துது. அப்ப செருப்பு நனையுதேன்னு மட்டும்தான் நினைச்சேன். இவ்வளவு வருஷம் அளந்து என்ன பிரயோஜனம் சொல்லு!"

எனக்கு எதுவும் ஏறவில்லை. "அதெல்லாம் அப்புறம் பேசலாம். கையெழுத்துப் போடுங்க. வீட்டுக்கு வாங்க" என்று கெஞ்சினேன். கெஞ்சுவது எனக்குப் பழக்கமில்லை. அவருக்கும் அதைப் பார்த்துப் பழக்கமில்லை.

"தப்பா அளந்தேன்னு எழுதறேன். பொய் சொன்னேன்னு எப்படிம்மா எழுதுவேன்? அப்புறம் நாளைக்கு நான் எதை அளந்து சொன்னாலும் எவன் நம்புவான்? உன் தம்பி அங்கதானே படுத்துத் தூங்கறான்."

திருத்திய தாளின் அடியில் ஒரு வரி சேர்த்தார். அளவுக்கு ஆதாரமாக வைத்த கல் அசைகிறது, அதனால் என் அளவில் பிழை உண்டு. அதன் கீழே அழகாகக் கையெழுத்து. கல் எந்தப் பக்கம் அசைகிறது என்று எழுதவில்லை. கேட்டதற்கு, "நேர்ல போய்ப் பாக்காம எப்படி எழுதறது? அவன்கிட்ட சொல்லு, அவன் பாக்கட்டும்" என்றார். காவலர் தாளை வாங்கிக்கொண்டார்.

ஆக, இப்போது அரசாங்கத்தின் கையில் இவருடைய ஒப்புதலும் இருந்தது. பிழை என்று இவரே எழுதிக் கொடுத்துவிட்டார். வக்கீலம்மா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "இந்த மாதிரி ஒரு கட்சிக்காரரை நான் பார்த்ததே இல்லம்மா. திருடன்கூட எனக்கு ஒத்துழைப்பான்." இனி ஒரே வழிதான் இருந்தது. மறுப்பு எழுதியவரே வந்து, நான் எழுதியதை வாபஸ் வாங்குகிறேன், இவர் சொன்னதுதான் சரி என்று கூண்டில் ஏறிச் சொல்ல வேண்டும்.

சக்களத்தி வர ஒப்புக்கொண்டார். போகாதே என்று அவருடைய பல்கலைக்கழகம் சொல்லியிருக்கிறது. போனால் உன்னையும் பிடித்து வைத்தாலும் வைப்பார்கள் என்று அவருடைய நாட்டு அதிகாரிகள் எச்சரித்திருக்கிறார்கள். சொந்த விடுப்பு, சொந்தச் செலவு. விமான நிலையத்துக்கு என் பயிற்சி வண்டியிலேயே போனேன். கட்டுரைகளின் தடிமனைப் பார்த்து ஆறடி ஆளை எதிர்பார்த்திருந்தேன். வந்தவர் என் தோள் உயரம். தோளில் ஒரு துணிப்பை, மூக்குக்குக் கீழே கத்தரிக்காத ஒரு மீசை.

பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார். பயிற்சி வண்டியில் அந்தப் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. நான் ஓட்டும் வேகத்துக்கு அந்த மனிதர் பயந்து பயந்து அதை மிதித்தார். வண்டி குலுங்கிக் குலுங்கி நின்றது. மூன்றாவது சிக்னலில் எனக்குப் பொறுமை போய்விட்டது.

"சார், காலை எடுங்க. நான் சொல்றதைக் கேளுங்க. நாளைக்குக் கோர்ட்டுல நீங்க எழுதினது தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. அவர் வந்துடுவாரு."

"சொல்ல முடியாது மேடம்."

"ஏன்? உங்க மானம் போயிடுமா?"

"மானமெல்லாம் எப்பவோ போயாச்சு" என்று சிரித்தார். பிறகு சிரிப்பில்லாமல் பேசினார். "இப்பவே எங்க கையில இன்னும் நிறையப் பேர் இருக்காங்க. ஒருத்தர் காய்ச்சல் எண்ணிக்கையைச் சொன்னதுக்கு உள்ள இருக்காரு. ஒரு பொண்ணு ஆத்து மீனைப் பத்தி எழுதினதுக்கு. எங்க பேச்சுக்கு எவனாவது காது குடுக்கறான்னா, நாங்க இது வரைக்கும் ஒரு பொய் சொன்னதில்லைங்கறதுனாலதான். நாளைக்கு உங்க வீட்டுக்காரருக்காக நான் பொய் சொன்னா, அந்தப் பொண்ணுக்காக நான் எழுதற லெட்டரைக் குப்பையில போட்டுடுவாங்க."

எனக்கு அந்தப் பெண்ணைத் தெரியாது. உண்மையைச் சொன்னால் அந்த நொடியில் அவள் எக்கேடு கெட்டால் எனக்கென்ன என்றுதான் இருந்தது. வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டு, சிறையில் இவர் சொன்னதைச் சொன்னேன். கல் அசைகிறதாம், நீங்கள் சொன்னது சரியாம், வாசலில் தண்ணீர் உள்ளே ஓடுகிறதாம்.

"என்னது?" அவர் மறுபடியும் பிரேக்கை மிதித்தார். பின்னால் வந்த வண்டிகள் அலறின. "உள்ளயா? உள்ள ஓடுதுன்னா சொன்னான்? சரியாச் சொல்லுங்க மேடம்."

"ரோட்டுலேர்ந்து உள்ள."

"வண்டியைத் திருப்புங்க."

தண்ணீர்த் தொட்டி அலுவலகம் பூட்டிக் கிடந்தது. சுவரில் அந்தக் கல். இவ்வளவு பேரை அலைக்கழித்த கல் என் உள்ளங்கை அளவுதான் இருந்தது. சக்களத்தி வாசலில் அப்படியே முழங்காலில் உட்கார்ந்தார். பையைத் துழாவி எதையோ தேடிக் கிடைக்காமல் என்னைப் பார்த்தார். நான் வண்டியிலிருந்து குடிக்கிற தண்ணீர் பாட்டிலை எடுத்து வந்து ரோட்டோரம் ஊற்றினேன். தண்ணீர் கொஞ்சம் தயங்கியது. பிறகு வாசலைத் தாண்டி, பூட்டிய கதவுக்கு அடியில் நுழைந்து உள்ளே போனது.

அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். "இந்தக் கட்டடமும் இறங்குது" என்றார். "கல்லு மேல எழும்பல. கீழ போகுது. நானும் தப்பு. இவ்வளவு வருஷம் நானும் தப்பாத்தான் எழுதியிருக்கேன்." அழப் போகிறார் என்று பயந்தேன். மனிதர் தொடையில் தட்டிச் சிரித்தார். "உள்ள உக்காந்துட்டுக் கண்டுபிடிச்சிட்டான் படுபாவி!"

கல்லே கீழே போகிறது என்றால் என்ன அர்த்தம் என்று எனக்கே அப்போது உறைத்தது. கீழே போகிற கல்லை வைத்து அளந்தும் நாலு விரல் என்றால், உண்மையான இறக்கம் அதைவிட அதிகம். "அப்ப அவர் கூட்டிச் சொல்லல! குறைச்சுத்தான் சொல்லியிருக்காரு! நாளைக்கு இதைச் சொன்னாப் போதுமே!" என்று அவர் கையைப் பிடித்துக் குலுக்கினேன். அவர் தலையை ஆட்டினார். ஆனால் ஏதோ யோசனையாகவே வண்டியில் ஏறினார். வீடு வரும் வரை பிரேக்கை மிதிக்கவே இல்லை.

மறுநாள் நீதிமன்றத்தில் இடம் போதவில்லை. தம்பியும் வந்திருந்தான். கூண்டில் என் கணவர். இளைத்திருந்தார். சக்களத்தியைப் பார்த்ததும் கையை உயர்த்தப் போய், விலங்கு இருப்பது ஞாபகம் வந்து இறக்கிக்கொண்டார். சாட்சிக் கூண்டில் சக்களத்தி ஏறியதும் அரசு வக்கீல் கட்டுரையைத் தூக்கிக் காட்டினார்.

"இது நீங்க எழுதினதுதானே?"

"ஆமாங்க."

"குற்றம் சாட்டப்பட்டவரோட அளவு தப்புன்னு இதுல சொல்லியிருக்கீங்க. இன்னைக்கும் அப்படித்தான் சொல்றீங்களா?"

"ஆமாங்க. தப்புதான்."

கூண்டுக்குள்ளிருந்து என் கணவர் பலமாகத் தலையை ஆட்டி ஆமோதித்தார். வக்கீலம்மா கண்ணை மூடிக்கொண்டார். அரசு வக்கீல் திருத்திய வாக்குமூலத்தையும் எடுத்து நீட்டி, "பாருங்க, அவரே ஒத்துக்கிட்டாரு. வேறென்ன வேணும்?" என்று உட்காரப் போனார்.

"ஐயா, நான் இன்னும் முடிக்கல" என்றார் சக்களத்தி. நீதிபதி பேசச் சொன்னார்.

"அவரு தப்பு. நானும் தப்பு. வக்கீல் ஐயா கையில இருக்கற அதே கட்டுரையில, கல்லு மேல எழும்புதுன்னு நான் எழுதியிருக்கேன். நேத்து சாயங்காலம் நேர்ல போய்ப் பார்த்தேன். அது கீழ போகுது. தப்பா அளக்கறது குற்றம்னா, அந்தக் கூண்டுல கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லுங்க, நானும் ஏறிக்கறேன். எங்க வேலையே இதுதானுங்க. ஒருத்தன் அளப்பான், இன்னொருத்தன் தப்புன்னு சொல்லுவான், ரெண்டு பேரும் சேர்ந்து கொஞ்சம் சரியான இடத்துக்கு வருவோம். நான் அவரைத் தப்புன்னு எழுதினது, மதிப்பு இருந்ததுனாலதான். மதிப்பில்லாதவன் எழுதறதை நான் படிக்கக்கூட மாட்டேன்."

"சரி, அப்ப சரியான அளவு என்ன?" என்று நீதிபதி கேட்டார்.

சொல்லு, சொல்லித் தொலை என்று நான் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். அந்த மனிதர் சொல்லவில்லை.

"சொல்றேங்க. ஆனா ஒரு வேண்டுகோள். அளந்ததுக்காக ஒரு ஆளை அடைக்கலாமா கூடாதான்னு மொதல்ல நீங்க முடிவு பண்ணிடுங்க. அப்புறம் கேளுங்க, சொல்றேன். இப்பவே நான் சொல்லி, ‘ஓ, இவர் சரியாத்தான் சொல்லியிருக்காரு’ன்னு நீங்க விட்டுட்டீங்கன்னா, நாளைக்கு நிஜமாவே தப்பா அளந்த ஒருத்தன் வருவான். அவனுக்கு யாரு இருக்கா?"

எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. நேற்று வாசலில் தண்ணீர் ஊற்றியது நான். என் வீட்டுக்காரரின் உயிரை வைத்துக்கொண்டு இவர் யாரோ முகம் தெரியாதவனுக்கு வழக்காடுகிறார். செருப்பைக் கழற்றி எறிந்தால் என்ன என்றுகூட நினைத்தேன். அப்போதுதான் கூண்டைப் பார்த்தேன். என் கணவர் அழுதுகொண்டிருந்தார். அவர் அழுது நான் பார்த்ததே இல்லை. அழுதுகொண்டே, விலங்கு போட்ட கைகளால் கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, சக்களத்தியைப் பார்த்துச் சிரித்தார். இந்த இரண்டு பேருக்கும் நடுவில் இருப்பது என்னவென்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. என் ஆத்திரம் எங்கே போனதென்று தெரியவில்லை.

நீதிபதி குறிப்பெடுக்கப் போனார். பேனாவை மூடினார், திறந்தார். பிறகு, உணவு இடைவேளைக்குப் பின் உத்தரவு என்று சொல்லி எழுந்து போனார். நாங்கள் யாரும் சாப்பிடவில்லை. திரும்பி வந்தவர் உத்தரவைப் படித்தார். பிழையும் பொய்யும் ஒன்றல்ல, நேர்மையாக அளந்தவர் பிழை செய்தாலும், அது இந்தச் சட்டத்தின் கீழ் குற்றமாகாது, விடுதலை. படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு சக்களத்தியைப் பார்த்தார்.

"முடிவு பண்ணியாச்சு. இப்ப சொல்லுங்க."

"அஞ்சு விரலுக்கு மேல இருக்கும்னு நினைக்கறேங்க. சரியாச் சொல்லணும்னா, அவரும் நானும் சேர்ந்து மறுபடியும் அளக்கணும்."

தம்பி என் காதருகே குனிந்தான். "அக்கா, போன மாசத்துலேர்ந்து எங்க வீட்டு வாசக்கதவு மூட மாட்டேங்குது. மாமாகிட்ட சொல்ல வெக்கமா இருந்துது" என்றான்.

சேர்ந்து அளக்க விடவில்லை. அன்று மாலைக்குள் சக்களத்தி நாட்டை விட்டுப் போக வேண்டும், இனி வரக் கூடாது என்று அதிகாரிகள் முத்திரை குத்திவிட்டார்கள். விமான நிலையத்துக்கு நான்தான் ஓட்டினேன். பின்னிருக்கையில் அவர்கள் இரண்டு பேரும் வழி முழுக்கச் சண்டை. அஞ்சு விரலா, அஞ்சரையா. இத்தனை நாள் பிரிந்திருந்த மனைவி முன்னால் உட்கார்ந்திருக்கிறாளே என்ற நினைப்பே இவருக்கு இல்லை. இறங்கும்போதுதான் இவருக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"என் சம்சாரம் உனக்கு என்ன பேரு வச்சிருக்கா தெரியுமா? சக்களத்தி!"

நான் ஸ்டியரிங்கில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். அவர் மீசை நடுங்கச் சிரித்தார். "எங்க வீட்டம்மா இவனுக்கும் அதே பேருதான் வச்சிருக்கா" என்றார்.

பிறகு என் பக்கத்து ஜன்னலருகே வந்து குனிந்தார். "தங்கச்சி, ஒரு உதவி. ஒரு டாக்டரம்மாவைப் பிடிச்சு வச்சிருக்காங்க. ஒரு மருந்து வேலை செய்யலைன்னு எழுதினாங்களாம். லெட்டர் கொஞ்சம் குறையுது. நீங்க ஒண்ணு எழுதுவீங்களா?"

"நான் என்ன விஞ்ஞானியா? அவங்க சொன்னது சரிதானா?"

"இல்லன்னுதான் எங்க ஆளுங்களே சொல்றாங்க."

"அப்புறம் எதுக்கு..." என்று தொடங்கி, நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் மீசைக்குள் சிரித்தார். பையைத் தோளில் போட்டுக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனார்.

தம்பி இப்போது கட்டில், பீரோ சகிதம் எங்கள் வீட்டில்தான் இருக்கிறான். மாமா அளக்கப் போகும்போது அளவுகோலின் மறுமுனையைப் பிடிப்பது அவன் வேலை. புது நகரில் இன்னும் வீடு விற்கிறார்கள்.

சக்களத்தி போன மறுநாள் காலை, முதல் ஆள் பயிற்சிக்கு வருவதற்கு முன்னால், டிரைவிங் ஸ்கூல் பெயர் அச்சடித்த தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எனக்குத் தெரியாத நாட்டின் மந்திரிக்கு, நான் பார்க்காத ஒரு பெண்ணுக்காக எழுதினேன். எப்படித் தொடங்குவது என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

"ஐயா, இந்த டாக்டர் சொன்னது சரியா தப்பா என்று எனக்குத் தெரியாது. அவரை வீட்டுக்கு அனுப்புங்கள். அவருக்கு மாத்திரை ஏதாவது வேண்டுமா என்று கேட்டுச் சொல்லுங்கள்."